பழைய மடிக்கணினியும் புதிய பூட்டும்

2022 டிசம்பர். அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களை வீட்டில் உட்கார்ந்து பதிவேற்றலாம் என்று, புதிதாக வாங்கிய மடிக்கணினியை வைஃபையில் இணைத்தேன். வலையமைப்பின் பெயருக்குக் கீழே, இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற பொருளில் ஒரு வரி தோன்றியது. கடவுச்சொல் கேட்டுத்தானே உள்ளே விட்டது, பிறகு எப்படிப் பாதுகாப்பில்லாமல் போகும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன்.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து திரும்பியபோது, எங்கள் வீட்டு மாடிப்படியில் தெருவில் உள்ள பையன் ஒருவன் கைபேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரு நெட்டுப்பா?” என்று கேட்டேன்.

“உங்க வைஃபைதான் டீச்சர். இந்த போனைப் பழசா வாங்கினோம். இங்க வந்தா அதுவே கனெக்ட் ஆயிடுது.”

அவன்மேல் தவறில்லை. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடக் காணொளிகளைப் பார்க்கட்டும் என்று தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு நானே கடவுச்சொல்லைக் கொடுத்தேன். என் கைபேசி எண்தான் கடவுச்சொல். அந்தக் கைபேசிகளில் சில பிறகு கைமாறின. சாவியும் அவற்றோடு கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

பலவீனமான பூட்டு, யார் யாரிடமோ இருக்கும் சாவி. இரண்டும் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டபிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அப்போது செய்ததையும், முதலில் செய்த தவறையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. நம்மில் பலர் வீட்டில் புதிய கைபேசியும் பத்தாண்டு பழைய மடிக்கணினியும் ஒரே வைஃபையில்தான் ஓடுகின்றன. பழையதைத் தூக்கி எறியாமலே பூட்டை மாற்ற முடியும்.

நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்டுக்கொண்டேன். வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் தம் பங்குக்குத் தகவலைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. எனவே வைஃபைக்குள் நுழைந்த உடனே ஒருவருக்கு நம் வங்கிக் கடவுச்சொல் கிடைத்துவிடாது.

ஆனால், உள்ளே வந்தவர் நம் வீட்டுக் கூடத்தில் நிற்பவரைப் போன்றவர். அறைக் கதவுகளில் எது திறந்திருக்கிறது என்று அவர் பொறுமையாகத் தள்ளிப் பார்க்கலாம். என் வீட்டில் ஒரு கதவு திறந்தே இருந்தது. பழைய கணினியிலிருந்து அச்செடுக்க வசதியாக, ஒரு கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்து வைத்திருந்தேன். அதற்குள் என் வகுப்பு மாணவர்கள் 38 பேரின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண், முகவரி எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. அந்தத் தகவல்கள் என்னுடையவை அல்ல. என்னை நம்பிப் பெற்றோர் கொடுத்தவை.

இன்னொன்றும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவரின் வீட்டு இணைய இணைப்பில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் விசாரணையை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, வைஃபை இணைப்புகள் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்யுமாறு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும்.

நான்கு தலைமுறைப் பூட்டுகள்

வைஃபை பாதுகாப்பில் இதுவரை நான்கு முறைகள் வந்துள்ளன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெயர்களையே காண்பீர்கள்.

முதலாவது டபிள்யூஇபி. 1997-ல் வைஃபையின் முதல் தரத்தோடு வந்தது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பூட்ட, நிலையான சாவியோடு 24 பிட் நீளமுள்ள மாறும் எண் ஒன்றை அது சேர்த்தது. 24 பிட்டில் அமையக்கூடிய எண்கள் 1,67,77,216 மட்டுமே. ஓயாமல் தகவல் போய்வரும் வலையமைப்பில் சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்து, மீண்டும் வரத் தொடங்கிவிடும். 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், இந்த முறையில் சாவியையே கண்டுபிடிக்க வழி இருப்பதைக் காட்டினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதைத் திறந்து காட்டினார்கள்.

இரண்டாவது டபிள்யூபிஏ. 2003-ல் அவசரமாக வந்த இடைக்கால ஏற்பாடு. ஏற்கெனவே விற்றுவிட்ட கருவிகளைத் தூக்கி எறியாமல், மென்பொருள் மாற்றத்தால் மட்டும் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்காக உருவானதே டிகேஐபி என்ற குறியாக்க முறை. ஓட்டைக் குடத்துக்கு அரக்கு வைத்தது போல. அதிலும் பின்னர் குறைகள் வெளிப்பட்டன. 2012-ல் வந்த வைஃபை தர ஆவணமே, இனி இதைக் கைவிட வேண்டும் என்று குறித்துவிட்டது.

மூன்றாவது டபிள்யூபிஏ2. 2004-ல் வந்தது. ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கத்தைப் பயன்படுத்துகிறது. 2006 மார்ச் முதல், வைஃபை சான்று பெறும் ஒவ்வொரு புதிய கருவிக்கும் இது கட்டாயமானது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிரச்சினைக்கு விடை இதில்தான் இருக்கிறது.

நான்காவது டபிள்யூபிஏ3. 2018-ல் வந்தது. 2020 ஜூலை முதல் சான்று பெறும் புதிய கருவிகளுக்குக் கட்டாயம். டபிள்யூபிஏ2-க்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாட்டை ஓர் உவமையால் சொல்லலாம். டபிள்யூபிஏ2-ல், ஒரு கருவி இணையும் தருணத்தில் நடக்கும் உரையாடலை வெளியே நிற்பவர் பதிவு செய்துகொண்டு போகலாம். பூட்டை அச்சு எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் ஆயிரம் சாவிகளைப் போட்டுப் பார்ப்பது போல. டபிள்யூபிஏ3-ல் அச்சு எடுக்க முடியாது. ஒவ்வொரு சாவியையும் நம் வாசலில் நின்றுதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் செய்த தவறு

ரவுட்டரின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். டபிள்யூபிஏ, டிகேஐபி என்று இருந்தது. புத்தம் புது ரவுட்டரில் இது எப்படி வந்தது?

நினைவுபடுத்திப் பார்த்தபோது புரிந்தது. பி.எட். படித்த காலத்தில், 2005-ல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்கள் முழுவதும் அதில்தான். முதன்முதலில் இணைய இணைப்பு வாங்கியபோது அந்தக் கணினி மட்டும் இணையவில்லை. வந்திருந்த தொழில்நுட்பப் பணியாளர் ஏதோ ஓர் அமைப்பை மாற்றினார். இணைந்துவிட்டது. எனக்கும் மகிழ்ச்சி. பிறகு புதிய ரவுட்டர் வந்தபோது, எல்லாக் கருவிகளும் தாமாகவே இணைந்துகொள்ளட்டும் என்று பழைய பெயர், பழைய கடவுச்சொல், பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் அப்படியே அதில் ஏற்றிவிட்டார்கள். மாதத்தில் ஒருநாள் திறக்கும் ஒரு கணினிக்காக வீடு முழுவதும் 2003-ஆம் ஆண்டுப் பூட்டோடு இருந்தது.

வேகமும் அதனால்தான் குறைந்திருந்தது. டிகேஐபி முறையில் இணையும் கருவி எவ்வளவு புதியதானாலும், அதன் வைஃபை இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றுவிடும். நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஏன் 20-ஐத் தாண்டுவதில்லை என்று இணைப்புக் கொடுத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இரவு துணிந்து டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றினேன். என் கைபேசியும் புதிய மடிக்கணினியும் உடனே இணைந்தன. ஞாயிறு காலை அம்மா வந்து, “டிவி வரலடி” என்றார். அச்சுப்பொறியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. என் அக்கா மகள் 2012-ல் பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை இப்போது என் மகன் பயன்படுத்துகிறான். அதில் வலையமைப்பின் பெயர் தெரிந்தது, இணையவில்லை. 2005 கணினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மதியத்துக்குள் வீட்டில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். நானும் அமைப்பைப் பழையபடியே மாற்றிவிட்டேன். டபிள்யூபிஏ3-க்குத் தாவியதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அது சரிப்படவில்லை என்றதும் நேராக அடிமட்டத்துக்கே திரும்பினேனே, அதுதான் தவறு. இடையில் படிகள் இருந்தன.

‘பழையது’ என்பது மூன்று வகை

அடுத்த வாரம் ஒரு தாளை எடுத்து வீட்டில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டேன். ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பூட்டு வரை தெரியும் என்று எதிரே எழுதினேன். எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கிவிட்டன.

முதல் வகை, டபிள்யூபிஏ3 தெரிந்தவை. ஆண்ட்ராய்டு 10-க்குப் பின் வந்த கைபேசிகள் பலவும், விண்டோஸ் 11 மடிக்கணினியும் இதில் சேரும்.

இரண்டாம் வகை, டபிள்யூபிஏ2 வரை தெரிந்தவை. தொலைக்காட்சி, அச்சுப்பொறி, அம்மாவின் கைபேசி, மகனின் கைபேசி, அரசு கொடுத்த மடிக்கணினி எல்லாம் இதில்தான். விண்டோஸ் 7-க்கு டபிள்யூபிஏ3 தெரியாது. டபிள்யூபிஏ2-வும் ஏஇஎஸ்-உம் நன்றாகவே தெரியும்.

மூன்றாம் வகை, அதுவும் தெரியாதவை. பெரும்பாலும் 2006-க்கு முந்தையவை. எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. நாம் பழையது என்று பயப்படும் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே. நம் மாநிலத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதே 2011-ல்தான். அந்தக் கணினிகளுக்காக யாரும் டிகேஐபி வரை இறங்க வேண்டியதில்லை.

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. விண்டோஸ் 10, 11 கணினிகளில் இணைப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘செக்யூரிட்டி டைப்’ என்ற வரி, இப்போது எந்த முறையில் இணைந்திருக்கிறது என்று காட்டும். மற்றவற்றுக்கு, மாதிரி எண்ணை இணையத்தில் தேடினால் தயாரித்தவர்களின் விவரப் பக்கம் கிடைக்கும்.

கலப்பு முறையில் கவனிக்க வேண்டியது

ரவுட்டரில் இரண்டு கலப்பு முறைகள் இருக்கக்கூடும். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வரும்.

டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு முறையைத் தவிர்த்துவிடுங்கள். இதில் புதிய கருவி தனியாக ரவுட்டரோடு பேசும்போது ஏஇஎஸ் பயன்படும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் தகவல், பழைய கருவிக்கும் புரிய வேண்டும் என்பதால் டிகேஐபி முறையிலேயே போகும்.

டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறையைப் பயன்படுத்தலாம். முதல் வகைக் கருவி டபிள்யூபிஏ3-லும், இரண்டாம் வகைக் கருவி டபிள்யூபிஏ2-லும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இணையும். இதில் ஒரு குறை உண்டு. டபிள்யூபிஏ2 வழியும் திறந்திருப்பதால் பூட்டை அச்சு எடுக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. எடுத்துப் போன அச்சுக்குச் சாவி செய்ய முடியாதபடி கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இல்லையா? அதற்காகப் புதிது வாங்க ஓட வேண்டாம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று வைத்து, நீளமான கடவுச்சொல் போட்டால் வீட்டுக்குப் போதுமான பாதுகாப்பு கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

இரண்டாவது முறை நான் அவசரப்படவில்லை. செய்த வரிசையை அப்படியே தருகிறேன்.

1. மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைத்தேன். வைஃபை வழியே இணைந்துகொண்டு வைஃபை அமைப்பை மாற்றினால், பாதி வேலையில் இணைப்பு அறுந்துவிடும். அமர்ந்திருக்கும் கிளையை வெட்டும் கதைதான்.

2. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை உலாவியில் இட்டேன். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். உள்ளே நுழையும் விவரம் தெரியாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

3. எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி வர வழி வேண்டும் அல்லவா?

4. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டது. பல வீடுகளில் பெட்டியில் வந்தபடியே இருக்கும். வைஃபைக்குள் வந்த எவரும் அதைக் கொண்டு ரவுட்டரையே தம் வசமாக்கிக்கொள்ளலாம்.

5. ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். 2017-ல் டபிள்யூபிஏ2 செயல்படும் விதத்திலேயே ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. ‘கிராக்’ என்று அதற்குப் பெயர். திருத்தங்கள் புதுப்பிப்பு வழியாகத்தான் வந்தன. ரவுட்டரை மட்டுமல்ல, கைபேசியையும் கணினியையும் புதுப்பிக்க வேண்டும்.

6. டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்தேன். கடவுச்சொல்லுக்குப் பதில் 8 இலக்க எண்ணைக் கொடுத்து இணைய வழி செய்யும் வசதி இது. இதன் கதையை வகுப்பறைப் பகுதியில் காண்க.

7. முதன்மை வலையமைப்பை டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றி, புதிய பெயரும் புதிய கடவுச்சொல்லும் கொடுத்தேன். என் கைபேசி, மகனின் கைபேசி, பள்ளி வேலை செய்யும் மடிக்கணினி ஆகிய மூன்று மட்டும் இதில்.

8. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற விருந்தினர் வலையமைப்பைத் தொடங்கினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். பழைய கருவிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. கடவுச்சொல் முதன்மையிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால், விருந்தினர் சாவி வெளியே போகும்போது வீட்டுச் சாவியும் சேர்ந்தே போய்விடும். விருந்தினர்கள் முதன்மை வலையமைப்பைப் பார்க்க முடியாதபடி தடுக்கும் அமைப்பு செயலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

தொலைக்காட்சியையும் அரசு மடிக்கணினியையும் விருந்தினர் பக்கம் சேர்த்தேன். அம்மா தன் கைபேசியில் உள்ள பேரன் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பவர். கைபேசி ஒரு பக்கமும் தொலைக்காட்சி ஒரு பக்கமும் இருந்தால் அது நடக்காது. அம்மாவின் கைபேசியையும் அங்கேயே சேர்த்தேன். எங்கள் ரவுட்டரில் விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க அனுமதிக்கும் தேர்வு தனியாக இருந்தது. எல்லா ரவுட்டரிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அச்சுப்பொறியை விருந்தினர் பக்கம் வைத்தால் என் மடிக்கணினியிலிருந்து அச்செடுக்க முடியவில்லை. 200 ரூபாய்கூட ஆகாத ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கி நேரடியாக இணைத்துவிட்டேன். கடவுச்சொல் இல்லாத அந்தப் பகிர்வுக் கோப்புறைக்கு இனி வேலையே இல்லை. அன்றே மூடினேன்.

கடைசியாக 2005 கணினி. கேபிள் வழியாக இணைத்தால் வைஃபை பூட்டுப் பிரச்சினை இராது. ஆனால் அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. எனவே இணையத்தோடு இணைக்காமலே வைப்பது என்று முடிவு செய்தேன். வினாத்தாள்களைப் பென் டிரைவில் எடுத்து, நச்சுநிரல் சோதனை செய்து, புதிய கணினிக்கு மாற்றி, ஓய்வு நேரத்தில் யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன்.

விண்டோஸ் 7-க்கும் 2020 ஜனவரியோடு பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. பூட்டு நல்லதாக இருப்பதால் அந்தக் கணினி நல்லதாகிவிடாது. அதனால்தான் அது விருந்தினர் பக்கம் இருக்கிறது. மகன் தட்டச்சுப் பழகவும் பாடம் பார்க்கவும் போதும். வங்கி வேலையும் மாணவர் விவரமும் அதில் கிடையாது என்பது வீட்டு விதி.

வலையமைப்பின் பெயரை மறைப்பது, குறிப்பிட்ட கருவிகளின் முகவரிகளை மட்டும் அனுமதிப்பது ஆகிய இரண்டையும் சிலர் பரிந்துரைப்பார்கள். தகுந்த மென்பொருள் உள்ளவருக்கு மறைத்த பெயரும் தெரியும், அனுமதித்த முகவரியும் தெரியும். அவற்றை நம்பி மற்றதில் தளர்ந்துவிட வேண்டாம்.

கடவுச்சொல்லைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

என் பழைய கடவுச்சொல் 10 இலக்கக் கைபேசி எண். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். மீதி 9 இடங்களில் எந்த இலக்கமும் வரலாம். மொத்தம் 4 × 10⁹, அதாவது 400 கோடி எண்கள். பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது.

டபிள்யூபிஏ2 அச்சை எடுத்துச் சென்றவர், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள ஒரே கணினியில் நொடிக்கு 5 லட்சம் ஊகங்களைச் சோதிப்பதாகக் கொள்வோம். இன்றைய அட்டைகளுக்கு இது எட்டக்கூடிய வேகமே. 400 கோடியை 5 லட்சத்தால் வகுத்தால் 8,000 நொடி. ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்தில் எல்லா எண்களும் முடிந்துவிடும்.

இப்போது வேறு வழி. 5,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு சொற்களைத் தொட்டு எடுத்துக் கோத்தால், 5,000⁴ வாய்ப்புகள். அதாவது 625 லட்சம் கோடி. அதே கணினிக்கு ஏறத்தாழ 40 ஆண்டு வேண்டும். ஐந்தாவது சொல் ஒன்றைச் சேர்த்தால் 5,000 மடங்கு. சுமார் 2 லட்சம் ஆண்டுகள்.

வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். எனவே ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில், நடுவில் சிறு கோடிட்டு எழுதினால் தாராளமாக இடம் இருக்கும். சொற்களுக்குள் தொடர்பு இருக்கக் கூடாது. பாடல் வரி, பழமொழி, குழந்தையின் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். அகராதியைப் புரட்டி விரல் நின்ற சொல்லை எடுங்கள். அம்மாவாலும் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறது என்பது கூடுதல் நன்மை.

வகுப்பறையில்

இந்தக் கணக்கை அடுக்குகள் பாடம் நடத்தும்போது மாணவர்களிடமே கொடுக்கலாம். சிறு வகுப்புகளுக்கு, மூன்று இலக்க எண்பூட்டு உள்ள சைக்கிள் சங்கிலியைக் காட்டி, எத்தனை முறை திருப்பினால் கட்டாயம் திறக்கும் என்று கேட்டுத் தொடங்குங்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல், டபிள்யூபிஎஸ் கதை சுவையான கணக்கு. 8 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆக, ஊகிக்க வேண்டியவை 7 இலக்கங்கள். 10⁷, ஒரு கோடி வாய்ப்புகள். ஆனால் வடிவமைப்பில் ஒரு பிழை. முதல் 4 இலக்கம் சரியா தவறா என்பதை ரவுட்டர் தனியாகவே வெளிப்படுத்திவிடுகிறது. அது சரியானபின் மீதி 3-ஐ மட்டும் ஊகித்தால் போதும்.

கரும்பலகையில் இந்தக் கேள்வியை எழுதுங்கள்: இப்போது மொத்த வாய்ப்புகள் 10⁴ × 10³ ஆகுமா, 10⁴ + 10³ ஆகுமா?

விடை கூட்டல். 10,000 + 1,000 = 11,000. ஒரு கோடியாக இருந்தது பதினோராயிரமாகச் சுருங்கிவிட்டது. 2 நொடிக்கு ஓர் ஊகம் என்றால் சுமார் 6 மணி நேரம். இந்தக் குறை 2011 டிசம்பரில் வெளியுலகுக்குத் தெரிந்தது. எப்போது பெருக்க வேண்டும், எப்போது கூட்ட வேண்டும் என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்தவர் வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி தண்டனைக்குரியது என்பதையும் இதே வகுப்பில் சொல்லிவிடுங்கள். கணக்கைத் தாளில் செய்யட்டும், பக்கத்து வீட்டில் வேண்டாம்.

வீட்டுப்பாடமாக, வீட்டில் இணையத்தோடு இணையும் கருவிகளையும் அவை வாங்கிய ஆண்டையும் பட்டியலிடச் சொல்லலாம். கடவுச்சொல்லை எழுதி வரச் சொல்லாதீர்கள். வைஃபை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பள்ளி ஆய்வகக் கருவிகளைப் பட்டியலிடலாம்.

இன்றே பார்க்க வேண்டியவை

• ரவுட்டரில் எந்தப் பாதுகாப்பு முறை இருக்கிறது? டபிள்யூஇபி, டிகேஐபி என்ற சொற்கள் இருந்தால் மாற்றுங்கள்.
• கடவுச்சொல் கைபேசி எண்ணா, பெயரா?
• நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியில் வந்ததேதானா?
• டபிள்யூபிஎஸ் அணைந்திருக்கிறதா?
• மாணவர் விவரம் உள்ள கணினியும் மிகப் பழைய கருவியும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா?

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையனிடம் நான் ‘இனி இங்கே வராதே’ என்று சொல்லவில்லை. அவனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் விருந்தினர் கடவுச்சொல்லை அவர்கள் பெற்றோரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதை மாற்றுகிறேன். யாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைக்கிறேன். இப்போதும் மாலையில் இரண்டு மூன்று பேர் படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் அவர்களுக்கு எட்டாத பக்கத்தில், வேறொரு பூட்டுக்குள் இருக்கிறது.